சத்தம் வராத பொத்தான்கள்

"இப்பக் கேக்குதாடா?" என்று கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள் தனப்பிரியா.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடிக் கடையின் வெளிச்சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான் தமிழரசு. படியேறி வந்தவர்கள் எல்லாரும் அவனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர் அவன். இரும்புச் சத்தத்தில் காது பாதி செத்துப்போனவனைக் கூட்டிவந்து, லேப்டாப் பொத்தான் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னால் அவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

"கேக்குதுக்கா. கோழி தகரத்தக் கொத்தறாப்பல கேக்குது."

"அப்ப இது வேண்டாம்."

உள்ளே வந்தான். அக்கா வேண்டாமென்று தள்ளிய லேப்டாப்புகள் மேஜையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் பெங்களூர்க் கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய சரக்கு. கடைக்காரன் அறிவு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, இங்க வர்றவங்க ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சத்தத்தக் கேக்கறீங்க."

"பேட்டரியும் நிக்கணும். எடையும் கம்மியா இருக்கணும். இதுக்குள்ள போகணும்." மகளின் ஸ்கூல் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். அதில் ரெண்டாம் வகுப்பு நோட்டுகளும் ஒரு டிபன் டப்பாவும் இருந்தன. "நோட்டோட நோட்டா இருக்கோணும். தூக்கிப் பாத்தாலும் தெரியக் கூடாது."

"மெலிசா இருக்கறதுல கீபோர்டு நல்லாருக்காதுக்கா. பலகையைத் தட்டற மாதிரி இருக்கும். கீபோர்டு நல்லாருக்கறது செங்கல்லு மாதிரி கனக்கும். ரெண்டும் சேந்தாப்பல வேணும்னா தேடணும். இருங்க, உள்ள நாலஞ்சு கிடக்குது." அறிவு எழுந்து போனான்.

அவன் போனதும் தமிழரசு பொறுமையிழந்து கேட்டான்.

"ஏன்க்கா, வாங்கற பொருளக் கையில தூக்கிப் பாத்து வாங்கலாம். காதுல வெச்சுப் பாத்து வாங்கறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

தனப்பிரியா சிரிக்கவில்லை. இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். மோதிர விரல் நடுக்கணுவில் மடங்கி, அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"இது கதவுல மாட்டுச்சுன்னுதான உங்கிட்டச் சொன்னேன்."

"ஆமா."

"நான் டைப் அடிச்சுட்டு இருந்தேன். தூக்கத்துல சத்தம் கேட்டுதுன்னு எந்திரிச்சு வந்தாரு. என்ற கைய எடுக்கறதுக்குள்ள லேப்டாப்பு மேல்மூடியக் காலால ஒரே மிதி. கை உள்ளயே மாட்டிக்கிச்சு. மறுபடியும் மிதிச்சாரு."

மச்சான் குழந்தைவேலின் பாதம் தமிழரசின் கண்முன் வந்தது. நாமக்கல் பக்கம் நாலு கொட்டகை கோழி வைத்திருக்கிற ஆள். ரப்பர் பூட்ஸ் போட்டுப் போட்டு வெளுத்த பெரிய பாதம். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறான்.

"அந்த நாயி..."

"கத்தாத. கடையில இருக்கோம்." குரலைத் தாழ்த்தினாள். "கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி. பத்திரம், தீர்ப்பு எல்லாம் தமிழ்ல அடிச்சுக் குடுக்கோணும். டெஸ்ட் வெச்சாங்க, பாசாயிட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சதுக்கு இப்பத்தான் ஒரு மரியாத கெடச்சுது. இந்த வாரம் பூரா ஊட்ல இருந்தே அடிச்சுக் குடுத்துட்டேன்னா வேலைய உறுதி பண்ணிருவாங்க. வெள்ளிக்கிழம பாப்பாவ ஸ்கூலுக்குக் கொண்டுபோயி உடறாப்பல கெளம்பி நம்மூட்டுக்கு வந்துருவேன். அப்புறம் கோயமுத்தூரு. பொறந்த ஊட்ல ஒக்காந்து தின்னுட்டு இருக்க மாட்டேன், பயப்படாத."

"யாரு பயந்தா?"

"அப்பாதான். ரெண்டு தடவ வந்தேன். ரெண்டு தடவையும் பெரியவங்கள வெச்சுப் பேசி, மஞ்சக் குங்குமம் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாரு. இந்தத் தடவ அனுப்பக் கூடாது. அவருகிட்ட நீ பேசோணும் தமிழு. அத ஒண்ணத்தான் உங்கிட்டக் கேக்கறேன்."

"பேசறேன்க்கா."

அறிவு கொண்டுவந்த குவியலில் கடைசியாக ஒன்று அகப்பட்டது. கறுப்பு, மெலிசு, மூலை தேய்ந்தது. விரலுக்குக் குழிந்து கொடுக்கிற பொத்தான்கள். தனப்பிரியா கண்ணை மூடி அடித்துப் பார்த்தாள். மடங்கிய விரலைத் தூக்கிக்கொண்டு மற்ற விரல்கள் அந்த விரலின் வேலையையும் சேர்த்துச் செய்தன. தமிழரசு வெளியே போய்க் காதை வைத்தான். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அக்கா அடிக்கிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்றே தெரியவில்லை.

"அடிச்சுப் பாரேன்க்கா."

"அடிச்சுட்டுத்தான்டா இருக்கறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் அவன் கேட்டதோடு சரி.

ஓரத்தில் ஒரு பொத்தான் மட்டும் இல்லை. அறிவு வேறொரு செத்த லேப்டாப்பிலிருந்து சாம்பல் நிறப் பொத்தான் ஒன்றைப் பிடுங்கி வந்து அங்கே அழுத்தினான். கறுப்புக்கு நடுவில் அது துருத்திக்கொண்டு தெரிந்தது. "அழகு பாத்தா வாங்கறோம்?" என்று தனப்பிரியா சொல்லி, நோட்டுகளுக்கு நடுவில் லேப்டாப்பைச் செருகிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் தங்கள் தோட்டத்து வீட்டில், தமிழரசு பேச்சை எடுத்தான். அப்பா மயில்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் மிதிபட்ட கதையை முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட அவர் விடவில்லை.

"எந்த ஊட்லடா அடிதடி இல்ல? அவ ராத்திரில ஒக்காந்து டக்கு டக்குன்னு தட்டுனா எவனுக்குத்தான் கோவம் வராது?"

"வெரல ஒடச்சுருக்கறான். கோவமுங்களா அது?"

"வெள்ளிக்கிழம வந்தாள்னா சனிக்கிழம நானே கொண்டுபோயி உட்டுட்டு வருவேன். ரெண்டு தடவ ஊரு கூடிப் பேசியாச்சு. மூணாந்தடவ எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது?"

"உங்க மூஞ்சிதான் பெருசுங்களா?"

மயில்சாமி சோற்றுத் தட்டை எத்தினார். அது சுவரில் மோதி, குழம்பு அம்மாவின் காலடிவரைக்கும் தெறித்தது. அம்மா சௌந்திரம் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். இந்த வீட்டில் அவள் பேசி யார் கேட்டார்கள், பேசுவதற்கு.

விடியக்காலையில் ஃபோன் வந்தது. குழந்தைவேலின் சித்தப்பா ராசப்பன்தான் பேசினார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மண்டையில் அடிபட்டு, தனப்பிரியா போய்விட்டாள். வெயிலுக்கு முன்னால் எடுத்துவிடலாம், கோடியோடு சீக்கிரம் வாருங்கள் என்றார்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவன் புதுச் சேலையைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும். போர்த்திவிட்டால், இனி இந்தப் பெண்ணைப் பற்றி எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை என்று பிறந்த வீடு ஊரறியச் சொன்ன மாதிரி. அதைப் போடாமல் இருட்டோடு இருட்டாக எரித்திருந்தால் குழந்தைவேல் தப்பித்துப் போயிருப்பான். ஆனால் பொண்டாட்டி மண்டையை உடைக்கத் துணிந்தவனுக்கு முறையை மீறத் துணிச்சல் இல்லை. நாளைக்குப் பங்காளிகள் யாரும் வீட்டில் கை நனைக்க மாட்டார்களே என்ற பயம்.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடித்து வைத்திருந்தார்கள். வாசலில் பெஞ்சின்மேல் தனப்பிரியா பட்டுச் சேலையில் கிடந்தாள். தலையைச் சுற்றித் துணி கட்டி, துணி தெரியாமல் பூ வைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை மாலைகளாகப் போட்டிருந்தார்கள். சாவு வண்டி எஞ்சின் ஓட நின்றது. பறை ஒரு பக்கம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"குளிப்பாட்டறதுக்குள்ள நாங்க வந்துருப்பமுங்க" என்றாள் சௌந்திரம். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"வெயிலு ஏறிருமில்லீங்க சம்மந்தி" என்றாள் குழந்தைவேலின் அம்மா அங்கம்மாள். பேத்தியைக் காணோம். குழந்தை பார்க்க வேண்டாமென்று சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

தமிழரசு அக்காவின் முகத்தைப் பார்த்தான். பார்க்க முடியாமல் கால் கழுவுகிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போனான். அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாக, காலையில் கூட்டித் தள்ளிய குப்பை கிடந்தது. கோழி இறகும் மண்ணும் முட்டை ஓடும். அதற்குள் கறுப்பாகச் சின்னச் சின்னதாக என்னவோ மினுங்கியது. குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினான். பொத்தான்கள். ஒரு கை நிறைய வந்தன. அதில் ஒன்று மட்டும் சாம்பல் நிறம்.

சத்தம் வராத லேப்டாப்தான் அது. அதை எப்படிக் கண்டுபிடித்தான் படுபாவி. பையைத் தூக்கிப் பார்த்தானா, பிள்ளையை மிரட்டிக் கேட்டானா. இனி அதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது. தமிழரசு பொத்தான்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான்.

ராசப்பன் கோடித் தட்டை அவன் கையில் கொடுத்தார். "நேரமாச்சு சாமி. பொறந்தவன் நீதான் போடோணும். போட்டுரு."

"போட மாட்டனுங்க."

பறை நின்றது.

"மச்சான்" என்றான் தமிழரசு. குழந்தைவேல் தலைமாட்டில் துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தான். அழுது சிவந்த கண். அந்த அழுகையும் உண்மையாகவே இருந்திருக்கலாம். "இது என்னதுங்க மச்சான்?"

தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பொத்தான்களை அள்ளி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். குழந்தைவேல் பார்த்தான். பார்த்த உடனே பார்வையை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏதோ பழசு. போன வருசம் ஒடஞ்சது."

"நேத்து நான் கூடப் போயி வாங்குனது. இந்தப் பொத்தான கடைக்காரன் என்ற கண்ணு முன்னாலதான் மாட்டுனான். பாத்ரூமுக்குள்ள லேப்டாப்பு எப்படிங்க மச்சான் வழுக்கி உழுந்துச்சு?"

"டேய்" என்று மயில்சாமி மகனின் தோளைப் பிடித்தார். "போனவ போயிட்டா. பேத்தி இந்த ஊட்லதான் வளரோணும். கோடியப் போடு."

"நீங்க பேசாதீங்க."

கூட்டம் பார்க்க, மயில்சாமி மகனைக் கன்னத்தில் அறைந்தார். தட்டு கீழே விழுந்து மஞ்சளும் குங்குமமும் சிதறின. அறை வாங்கிய வேகத்திலேயே தமிழரசு திரும்பி, குழந்தைவேலின் முகத்தில் குத்தினான். இரும்பு வளைத்த கை. மூக்கெலும்பு நொறுங்கியது அவன் விரல் முட்டிக்கே தெரிந்தது. குழந்தைவேல் பெஞ்சின்மேல் சாய, பெஞ்சு ஆடி, அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பங்காளிகள் பாய்ந்துவந்தார்கள். ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியால் தமிழரசின் முதுகில் அடித்தான். ஒருவன் பந்தல் மூங்கிலை உருவி முழங்காலில் போட்டான். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். தமிழரசு குழந்தைவேலின் காலைப் பிடித்துவிட்டான். அந்தக் கால்தான் அவனுக்கு வேண்டும். பல்லால் கடித்தான். ரத்தம் வாய்க்குள் வந்தும் விடவில்லை.

"அட நாய்களா, பொணத்துக்கு முன்னால என்னடா பண்றீங்க" என்று ராசப்பன் தொண்டை கிழியக் கத்தினார். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். தமிழரசு மண்ணில் உட்கார்ந்து எச்சிலைத் துப்பினான். ஒரு கண் மூடிக்கொண்டது. குழந்தைவேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோடியப் போட்டுட்டுக் கெளம்பச் சொல்லுங்க, இல்லீனா ஒருத்தனும் முழுசாப் போக மாட்டான்" என்றான்.

மயில்சாமி குனிந்து கோடிச் சேலையை எடுக்கப் போனார். அதற்குள் சௌந்திரம் எடுத்துவிட்டாள். மண்ணைத் தட்டினாள். அம்மாக்காரி போட்டால் செல்லுமா செல்லாதா என்று கிழவிகள் கிசுகிசுத்தார்கள். செல்லும் என்றார் ராசப்பன் அவசரமாக. கூட்டம் வழிவிட்டது.

சௌந்திரம் மகளிடம் போனாள். சரிந்த தலையை நேராக வைத்தாள். பிறகு மாலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காலடியில் போட்டாள். "வேண்டாமுங்க சம்மந்தி" என்று அங்கம்மாள் கையைப் பிடிக்க வந்தாள். சௌந்திரம் அவளைத் தள்ளிய தள்ளில் அங்கம்மாள் வண்டிச் சக்கரத்தில் போய் மோதினாள். கடைசி மாலைக்கு அடியில் தனப்பிரியாவின் இரண்டு கைகளும் இருந்தன. விரல்கள் கறுத்து, வீங்கி, ஒன்றுகூட நேராக இல்லை. முன்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மயில்சாமி பார்த்தார். பார்த்துவிட்டு, பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிறவர்போலக் கையை நீட்டினார். யாரும் பிடிக்கவில்லை.

சௌந்திரம் கோடிச் சேலையை நாலாக மடித்தாள். தரையில் போட்டாள். பெஞ்சில் முதுகைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தமிழு, போலீசுக்கு ஃபோனப் போடு" என்றாள்.

கோடியின்மேல் ஒருத்தி உட்கார்ந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தமிழரசு ரத்தக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்திருந்த வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

பண்ணை ஈக்கள் வந்து மகளின் விரல்களில் உட்கார ஆரம்பித்தன. சௌந்திரம் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி முந்தானையால் ஓட்டினாள். அவை எழுந்து மறுபடியும் உட்கார்ந்தன. மறுபடியும் ஓட்டினாள்.