பலகை இறங்கிய நாள்

எங்கள் வீட்டின் முன்பக்கம் ஓட்டு விளிம்பில் அடித்திருந்த பலகை இற்றுப்போய்விட்டது. கடியப்பட்டணத்துக் கடற்காற்று மழையைக் கொண்டுவந்து அதன்மேல்தான் அறையும். விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போனது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பலகையில்தான் கேமரா இருந்தது.

என் கணவர் டெல்வினுக்குக் கத்தாரில் வேலை. கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் விமானம் ஏறினார். ஏறுமுன் செய்த கடைசிக் காரியம் அந்தக் கேமரா. பாதுகாப்புக்காம்! கேமராவுக்கு வாயும் உண்டு. கேட்டில் கை வைத்தால் போதும், மேலேயிருந்து அவர் குரல் வரும்: "ஏட்டி ஜெனிலா, எங்க போற?" மீன் வாங்கவா, கோயிலுக்கா என்று ஓட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வருடமாக இதுதான் என் குடும்ப வாழ்க்கை.

நான் பி.எட். முடித்தவள். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால், "நான் சம்பாதிக்கேன்லா, ஒனக்கு எதுக்குட்டி வேல?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால் நாகர்கோவில் பள்ளிக்கூடம் ஒன்றில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதை அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. வியாழக்கிழமை பத்தரை மணி. மரவேலை செய்கிற யேசுரத்தினம் அண்ணனையும் அதே வியாழக்கிழமைக்கு, நாலு பக்கப் பலகையையும் மாற்ற வரச் சொன்னேன். பக்கத்து வீட்டில் அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் பழைய பலகையை இளக்கி இறக்கிப் போட்ட பிறகுதான் புதியதில் கை வைப்பார். கேமரா மறுபடி ஏறச் சாயங்காலமாகிவிடும்.

எட்டு மணிக்கு முன்பக்கப் பலகை இறங்கியது. கேமராவைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"அண்ணே, நான் வெளிய போயிட்டு வாறேன். நாலு பக்கமும் எளக்கிட்டுத்தான புதுசு அடிப்பீங்க?"

"ஆமா மக்கா. நீ சமாதானமாப் போயிட்டு வா."

பஸ்ஸில் எங்கே போகிறாய் என்று கேட்டது கண்டக்டர் ஒருவர்தான். அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தச் சொன்னார்கள். நடத்தினேன். பிள்ளைகள் பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

ஒரு மணிக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் புத்தம்புது அயினி மரப் பலகை. அதன் நடுவில் கேமரா, விளக்கு எரிய. பக்கவாட்டில் பழைய பலகை இளக்கப்படாமல் அப்படியே இருந்தது.

யேசுரத்தினம் அண்ணன் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "டெல்வின் வாட்ஸ்அப்புல விளிச்சாரு மக்கா. கேமரா இருக்க பக்கத்த மொதல்ல முடின்னு நின்னாரு. நீ கடைக்குப் போயிருக்கன்னுதான் சொன்னேன்."

கேட்டில் கை வைத்தேன்.

"ஏட்டி, சேல கெட்டி, கையில ஃபைலும் கொண்டு, எந்தக் கடைக்குப் போன?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "கடைக்கு இல்ல. நாகர்கோயில் பள்ளிக்கொடத்துக்கு. எனக்கு வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேரணும்."

ஏணியில் சுத்தியல் நின்றது. கேமராவிலிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"உள்ள போ. ஆளுவ பாக்காங்க."

போனேன். கேட்டைச் சாத்தி, செருப்பைக் கழற்றி, உள் அறைவரை வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. கத்தாரிலிருந்து என் கையைப் பிடித்து இழுக்கவும் அவரால் முடியாது. சொன்னார், நான் யோசிக்கும் முன்பே என் கால்கள் உள்ளே வந்துவிட்டன. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்தக் கால்கள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் இதே கால்களைத்தான் நான் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.