பதினாறு பொத்தான் தூரம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி இப்போதே உடையட்டும். உடையவில்லை. ஆகவே மேலே படிக்கலாம்.

அப்போது நான் சாலை அலுவலகத்தில், தூரப் பிரிவில் இருந்தேன். இரண்டு நகரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்வதுதான் வேலை. வான்வழி என்றால் சுலபம்: சுவரில் தொங்கும் வரைபடத்தில் இரண்டு குண்டூசி குத்தி, நூலை இழுத்துப் பிடித்து, ஸ்கேலில் வைத்தால் முடிந்தது. சாலைவழி என்றால் கைப்பிடி வைத்த இரும்புச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒருமுறை மணி அடிக்கும். என் செருப்புகள் எல்லாம் அற்பாயுசில் போனது அதனால்தான்.

அப்படி அளக்கப் போன நகரத்தில் ஒரு தையல்காரர் மகளை எனக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவள் அப்பாவுக்குத்தான் ஒரே பிடிவாதம். இருநூறு கிலோமீட்டருக்கு மேலே பெண்ணைக் கொடுக்க மாட்டார். கூடப்பிறந்த அக்காவைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, முகத்தையே மறந்துபோன மனுஷன்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் மேஜையில் விரித்து, அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நூல் பிடித்துக் காட்டினேன். நூற்று எழுபத்தொன்று. அவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

“என் பொண்ணு என்ன காக்காவா தம்பி, பறந்து வந்து போறதுக்கு?”

சாலைவழி இருநூற்றுப் பதினாலு என்பது எனக்கு மனப்பாடம். அதை மறைத்து வரைபடத்தைச் சுருட்டினேன். அவரே அளக்கக் கிளம்பிவிட்டார். தள்ளுவது நான், எண்ணுவது அவர். மணி அடித்தால் கோட்டுப் பைக்குள் ஒரு பொத்தானைப் போடுவார்.

எட்டு நாள் நடந்தோம். வெயிலில் இரும்பு விரியும், சக்கரம் பெருத்தால் கணக்குக் குறையும் என்று நான் நடு வெயிலாகப் பார்த்துத் தள்ளினேன். மூன்றாம் நாள் சக்கரம் என் இடுப்புக்கு வந்தது. ஐந்தாம் நாள் மர நிழலில் வைத்து ஆற்றிய பிறகுதான் பாலத்துக்குள் நுழைந்தது. அவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. வழிநெடுக அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டு மேஜையில் பையைக் கவிழ்த்து மூன்று தரம் எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பொத்தான்களை ஒரு குவியலாக ஒதுக்கினார்.

“எங்க அக்காவுக்கும் யாராவது இப்படி அளந்திருக்கலாம், மாப்பிள்ள.”

எல்லாம் சக்கரத்தின் மகிமை என்று பல வருஷம் பீற்றிக்கொண்டேன். ஒருநாள் என் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அப்பாவின் கோட்டுப் பையில் தையலைப் பிரித்துவிட்டாளாம், சின்னப் பொத்தான் மட்டும் நழுவுகிற அளவுக்கு. ஊரார் பையெல்லாம் தைக்கிறவர் தன் பையைப் பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

“நீங்க சக்கரத்த நம்பினீங்க. நான் கத்திரிய நம்பினேன்.”

அதற்கப்புறம் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனால், அவள் ஒரு ஜன்னலிலும் நான் ஒரு ஜன்னலிலும் உட்கார்ந்து பொத்தான் தேடிக்கொண்டே போவோம். இப்போது இரண்டு பக்கமும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: அவள் பிறந்து வளர்ந்தது எங்கள் எதிர்வீட்டில்; வாசலுக்கு வாசல் பதினோரு அடி, வான்வழியிலும் சாலைவழியிலும்.