யார் தண்ணீர்?

மெர்வின் காஸ்கியை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. பதினோரு வருடமாக இதில் மட்டும் நாங்கள் இருவரும் சொல் தவறியதில்லை.

ஃபாய்ல் கடற்கழியின் அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் நாங்கள். நடுவே ஒரு மைல் தண்ணீர். படகு ஏறிக் கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் அங்கே பிரிட்டன் ராஜா, இங்கே அயர்லாந்துக் குடியரசு. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் இரு கரைக்கும் பொது அறிவுப் போட்டி நடக்கும், கரைக்கு ஒரு மேசை, மேசைக்கு நாலு பேர். ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. நான்கு வருடமாகக் கேடயம் மெர்வின் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவானாம். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன வருடம் தோற்றதற்குக் காரணம் நான்தான். என் தம்பி மலாக்கி சரியான விடையைச் சொன்னான். நான் அதை அடித்துவிட்டு என் விடையை எழுதினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"அக்கா, இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணுனா நான் உன் மேசையில உக்கார மாட்டேன். மெர்வின் அஞ்சு வருஷமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கான், தெரியும்ல?"

தெரியும். மலாக்கி அதிகம் பேசுகிறவன் இல்லை. நானும் அவனும் சேர்ந்துதான் கடற்கழியில் சிப்பி வளர்க்கிறோம். கடல் வற்றும்போது முழங்கால் தண்ணீரில் நின்று, மேடைகளில் கிடக்கும் சிப்பி மூட்டைகளைப் புரட்டுகிற அந்த நாலு மணி நேரத்தில் நான் பேசுவேன், அவன் கேட்பான். அவன் கேட்காவிட்டால் நான் யாரிடம் பேசுவது? எனக்கு வேறு ஆள் கிடையாது.

இந்த வருடம் போட்டி அவர்கள் கரையில், பந்து உருட்டும் மன்றத்துக் கூடத்தில். கேள்வி கேட்கப் புது ஆள், ஹார்ட்விக் என்ற ஜெர்மன்காரர். குன்றின்மேல் தேனீ வளர்ப்பவர். வெளியூர்க்காரர் என்றால் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று இரு கரையும் சேர்ந்து அவரைப் பிடித்தது. ஆனால் ஒருவருமே அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. இந்தப் போட்டியில் கொடி பற்றிக் கேட்கக் கூடாது, தேசிய கீதம் பற்றிக் கேட்கக் கூடாது, நடுவே இருக்கிற தண்ணீர் பற்றிக் கேட்கவே கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால், அவருக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் உள்ளே நுழைந்ததுமே மெர்வின் ஆரம்பித்தான்.

"வா டிம்ப்னா. கேடயத்தைத் தொடச்சி வச்சிருக்கேன். பாத்துட்டுப் போ, ஆனா தொடாத, கைல சிப்பி நாத்தம் ஒட்டியிருக்கும்."

"நாத்தம் இங்க வந்தப்புறம்தான் அடிக்குது, மெர்வின்."

நாற்பது கேள்வி. முப்பத்தெட்டு முடிந்தபோது இரண்டு மேசையும் சமம். மேசைமேல் வைத்த பன்றிக்கறி ரொட்டித் துண்டுகளை யாரும் தொடவில்லை.

முப்பத்தொன்பதாவது கேள்வியை ஹார்ட்விக் சிரித்த முகத்தோடு படித்தார். "இப்ப ஒரு மெட்டு போடுவேன். இதே மெட்டைத் தேசிய கீதமா வச்சிருக்கிற குட்டி நாடு எது? மெட்டு முடியுற வரைக்கும்தான் நேரம்."

மெட்டு தொடங்கியது. அந்தக் கரையின் ராஜாவுக்குப் பாடுகிற மெட்டு. மெர்வின் மேசை மொத்தமும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது. கையைத் தொடையோடு ஒட்டி, முகத்தை நிமிர்த்தி, நேரே நின்றார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மலாக்கி என் காதில் "லீக்டன்ஸ்டைன்" என்றான். நான் மேசைக்கடியில் தாளை வைத்து எழுதிவிட்டேன்.

மெட்டு நின்றது. மெர்வின் உட்கார்ந்து பேனாவை எடுத்தான்.

"நேரம் முடிஞ்சிருச்சு," என்றார் ஹார்ட்விக்.

"நாங்க நின்னுக்கிட்டிருந்தோம்யா."

"அதான் ஏன்னு எனக்கும் புரியல," என்றார் அவர். கேலியே இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "லீக்டன்ஸ்டைன்காரங்களுக்கு இவ்வளவு மரியாதையா மெர்வின்? கேள்விப்பட்டா அவங்க சந்தோஷப்படுவாங்க." அவன் கழுத்து சிவந்தது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அந்த நிமிடம் அவ்வளவு இனித்தது, மறைப்பானேன்.

அடுத்தது கடைசிக் கேள்வி. "இதோ, சன்னல் வழியா தெரியுதே ஃபாய்ல் கடற்கழி. அந்தத் தண்ணி எந்த நாட்டுக்குச் சொந்தம்?"

மலாக்கி என் பக்கம் குனிந்தான்.

"ரெண்டு நாடும் கேக்குது, இன்னும் முடிவாகலன்னு எழுது."

"அயர்லாந்து," என்றேன்.

"அக்கா. நம்ம சிப்பி மேடை யார் அனுமதியில நிக்குது? அனுமதி குடுக்குற ஆளு யாருன்னு முடிவாகாததாலதானே அனுமதியே இல்லாம நிக்குது?"

அவன் சொன்னது எனக்குத் தெரியாதா? எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். வருடக்கணக்காக அப்படி அலைந்தவளே நான்தான். ஆனால் தாள் மெர்வினிடம் போகும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் ஒரு மேசையின் தாளை எதிர் மேசை திருத்துவதுதான் எங்கள் வழக்கம். முடிவாகவில்லை என்று என் கையெழுத்தில் அவன் படிப்பான். பாதித் தண்ணீரை நானே தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். மலாக்கி பேனாவுக்குக் கை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, அயர்லாந்து என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

தாள்கள் மாறின. மெர்வின் தாளில் பிரிட்டன் என்று இருந்தது. ஹார்ட்விக் விடையைச் சொல்வதற்கு முன்பே நான் சிவப்புப் பேனாவால் தாள் கிழிகிற மாதிரி பெருக்கல் குறி போட்டேன். எதிரே அவனும் என் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் முடிவாகல," என்றார் ஹார்ட்விக். "ரெண்டு மேசையும் தப்பு. சன்னலுக்கு வெளியிலயே இருக்கிறதால ரொம்ப சுலபமான கேள்வின்னு நெனச்சேன்."

ஒரு புள்ளியில் நாங்கள் ஜெயித்தோம். கேடயத்தை மெர்வின் கையிலிருந்து நானே பிடுங்கினேன். எங்கள் மேசையில் மற்ற இருவரும் கைதட்டினார்கள். மலாக்கி எழுந்து கோட்டை மாட்டினான்.

"ஜெயிச்சிட்டோம்டா," என்றேன்.

"நீ ஜெயிச்ச."

அவன் மெர்வின் மேசைக்கு நடந்தான். "அடுத்த வருஷம் இடம் இருக்கா?" என்று கேட்டான். மெர்வின் கிண்டல் பண்ணுவான் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்குத் தேநீர் ஊற்றினான்.

"போன வாட்டி தோத்துட்டோம்னு கோவிச்ச, சரி," என்றேன். "ஜெயிச்சதுக்குமா?"

மலாக்கி திரும்பிப் பார்த்தான். "போன வாட்டி உனக்குத் தெரியல. இந்த வாட்டி தெரிஞ்சே தப்பா எழுதுன, அக்கா."

கூடமே எங்களைப் பார்த்தது. நீ சொன்னதுதான்டா சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பான். அவனை எனக்குத் தெரியும். வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆனால் பக்கத்தில் மெர்வின் உட்கார்ந்திருந்தான், கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் கேடயத்தை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன்.