மூன்று மிளகாய்

சைனீஸ் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. உள்ளே கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா எழுந்து வந்து ஒற்றை விரலால் அதைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, கம்பி வைத்துத் தைத்தது போன்ற முதுகு. அந்த முதுகைக் கண்டாலே தெருவில் பீடியை மறைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

அவர் சாப்பிட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வராதே என்று மகனிடம் சொல்ல வந்திருந்தார்.

மகன் இந்தக் கடையில்தான் அடுப்படியில் நிற்கிறான். நல்ல கம்பெனியில் மேஜை போட்டு உட்கார்ந்து வரைபடம் வரைந்துகொண்டிருந்தவன், ஒருநாள் அதை விட்டுவிட்டு வாணலியைப் பிடித்தான். "எனக்கு இதுதாம்ப்பா பிடிச்சிருக்கு" என்று ஒளிக்காமல் சொன்னான். சொன்ன கையோடு தனியாக அறை எடுத்துப் போகும்படியும் ஆயிற்று. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "மூத்தவர் என்ன பண்றார்?" என்று கேட்டபோது, ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைக்கூடச் செருமாமல் சொன்னார்: "உணவுக் கம்பெனில அதிகாரியா இருக்கான். வெளியூர் டூட்டி." பணிக்காலம் முழுக்க இரண்டு நிமிடத் தாமதத்தைக்கூடத் திருத்தி எழுதாத மனிதர். வாயிலிருந்து பொய் இத்தனை வழவழப்பாக வரும் என்று அவருக்கே தெரியாது. மனைவி மட்டும் கையிலிருந்த தட்டைச் சற்று ஓசையோடு கீழே வைத்தாள்.

இன்று காலையிலும் அவள்தான் ஆரம்பித்தாள். "கூடப் பிறந்தவன் இல்லாம அவளுக்கு நிச்சயமா? வந்து நிக்கட்டுமே. யார் என்ன கேட்டா என்ன?"

"கேட்பாங்க. இவன் உள்ளதச் சொல்லிடுவான். அப்புறம் என் வார்த்தை என்ன ஆகும்?"

"அப்போ நீங்களே போய் அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். என் வாய் அழுகிடும்."

அதனால் வந்தார்.

பார்சல் மட்டுமே கொடுக்கும் கடை. காத்திருப்பவர்களுக்காகச் சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள். கல்லாவுக்குப் பின்னால் ஓர் அழுக்குத் திரை, அதன் பக்கத்தில் பெட்டிகளைத் தள்ளிவிட ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் நெருப்பு எழும்புவதும் வாணலி இரும்பில் மோதுவதும் கேட்டது. அங்கே நிற்பது தன் பிள்ளை என்று இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? 'அவரைக் கூப்பிடுங்கள்' என்றால் 'நீங்கள் யார்' என்று கேட்பாளே.

"என்ன சார் வேணும்?"

அவர் நிமிர்ந்து சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு மிளகாய் வரைந்திருந்தது. சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு. சிக்கன் விங்ஸுக்கு மூன்று.

"அது ஒண்ணு."

"அது ரொம்பக் காரம் சார். குறைச்சுப் போடச் சொல்லட்டுமா?"

தன்னால் முடியாது என்று எந்தக் கல்லாவிலும் அவர் சொன்னதில்லை. வயிற்றுப் புண் வந்த நாளிலிருந்து வீட்டில் அவருக்கு மிளகாய் சேர்க்காமல் தனிச் சமையல். தட்டுக்குப் பக்கத்தில் வெந்நீர் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அதெல்லாம் வீட்டோடு.

"எதுக்குக் குறைக்கணும்? நல்லா காரமாவே போடச் சொல்லுங்க" என்றார், பிளாட்பாரத்தின் கடைசிவரை கேட்டுப் பழகிய குரலில். "இங்கேயே சாப்பிடுறேன்."

ஜன்னலுக்குள் வாணலிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

அவர் முக்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை மடியில் விரித்தார். கடைக்கார அம்மா போனில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தாள். கூட்டம் இல்லை. அவன் எட்டிப் பார்த்தால் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்த இரண்டு வார்த்தையைத்தான் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் அது குட்டையாகவும் அசிங்கமாகவும்தான் வந்தது.

கதவு சரக்கென்று நகர்ந்தது.

"அட, சம்பந்தி! நீங்களா!"

மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா. இரும்புக் கடைக்காரர், பெருத்த உடம்பு, பெருத்த சிரிப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்ததில் கைக்குட்டை தரையில் விழுந்தது.

"உக்காருங்க, உக்காருங்க. உங்களப் பாத்தா வீட்டுச் சாப்பாடத் தவிர வேற தொட மாட்டீங்கன்னு நினைச்சேன். இங்க ஒளிஞ்சு உக்காந்து சிக்கன் சாப்பிடுறீங்களா? சம்பந்தியம்மாகிட்ட மாட்டிவிடவா?" மற்ற முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முக்காலி முனகியது. "நான் வாராவாரம் வர்ற ஆளு. உள்ள ஒரு தம்பி இருக்காரு பாருங்க, கையா அது! முகத்தத்தான் இன்னும் பாத்ததில்ல. கையும் பெட்டியும் மட்டும்தான் ஜன்னல் வழியா வரும்."

அன்று பெட்டி ஜன்னல் வழியாக வரவில்லை. திரை விலகியது.

வியர்வையில் நனைந்த சட்டை, மேலே எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரன், தலையில் வலைத் தொப்பி, முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு. கண்கள் மட்டும் மலர்ந்திருந்தன. அப்பா கடைக்கு வந்துவிட்டார், தன் கைச் சமையலைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மலர்ந்த கண்கள். உதடு 'அப்' என்று குவிவதை ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவருதானா அந்தத் தம்பி!" என்றார் சம்பந்தி. "நேர்ல வந்து குடுக்குற அளவுக்கு சம்பந்தி அவ்வளவு பெரிய ஆளா? என்ன சம்பந்தி, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சொன்னது போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் சேர்த்தார். "யாருன்னே தெரியாது. இன்னைக்குத்தான் இந்தக் கடைக்கே வரேன்."

பெட்டி அவர் மடிக்கு நேராக அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"சூடா இருக்கு சார்" என்றான் மகன். "பாத்து சாப்பிடுங்க."

குனிந்து கைக்குட்டையை எடுத்து, இரண்டாக மடித்து அவர் முழங்கால்மேல் வைத்தான். திரைக்குள் போய்விட்டான்.

சம்பந்தி மாப்பிள்ளைக்கு எடுத்த கோட்டைப் பற்றியும், கை நீளம் சரியாக வராததைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். சாப்பிடாவிட்டால் பேச வேண்டியிருக்கும். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே சதை எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. கண் கரித்தது. குனிந்து இன்னொரு கடி கடித்தார். மூக்கின் ஓரமாக வழிந்து மீசைக்குள் போயிற்று. கைக்குட்டை முழங்கால்மேலேயே இருந்தது, அதை எடுக்க அவரால் ஆகவில்லை.

"ஐயையோ, சம்பந்தி!" சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "காரம் தூக்கிடுச்சா? மூணு மிளகாயா கேட்டீங்க? நானே ரெண்டோட நிறுத்திக்குற ஆளு. இந்த வயசுல இது தேவையா?"

"ஆமா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். குரல் உடைந்து வந்தது. "சரியான காரம்."

"குடுங்க, நானும் ஒரு கை பாக்குறேன்." சம்பந்தி பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடித்தார். மென்றார். மெல்லுவது மெதுவானது. மறுபடி கடித்துப் பார்த்தார். கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

"இதுல காரமே இல்லையே சம்பந்தி."

கடைக்கார அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன சார், காரம் இல்லையா? மூணுன்னு நான் தெளிவாச் சொன்னேனே. தம்பி! இந்த சாருக்கு மிளகா போடலயா?"

உள்ளேயிருந்து நெருப்பை அணைத்த சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தி சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் நனைந்த மீசையைப் பார்த்தார், காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்த கண்ணீரைப் பார்த்தார். பாதி தின்ற துண்டைப் பெட்டியின் மூடியில் வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

சின்ன ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. முன்கையில் தழும்பு. கையில் ஒரு காகிதக் கோப்பை, அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வெந்நீரா?" என்றாள் கடைக்கார அம்மா. "யாரு கேட்டா?"

சம்பந்தி கோப்பையைப் பார்த்தார், பிறகு திரும்பி அவரைப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார். முதுகு நிமிரவில்லை. ஜன்னலில் அந்தக் கை கோப்பையைப் பலகைமேல் வைக்காமல், உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யாமல், நீட்டியபடியே இருந்தது.