சுருங்கிய தலாமசும் மாஞ்சோலை பஸ்ஸும்

கோமுவின் அண்ணன் அப்பாத்துரைக்கு ஒரு கெட்ட பழக்கம். சொந்தத்தில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் டாக்டருக்கு முன்னால் அவர் உறையைப் பிரித்துவிடுவார். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார். தபால் ஆபீஸில் இருந்தவர். உறையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

இந்த முறை கோமுவின் வீட்டுக்காரர் தில்லைநாயகத்தின் படம். ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. அதிலிருந்து வலது கை சொன்னபடி கேட்பதில்லை; பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். அதில் ஒன்று, மாஞ்சோலை. கல்யாணமான புதிதில் கோமுவைக் கூட்டிப்போவதாக அவர் சொன்ன மலையூர். லீவு கிடைக்காமலேயே ரிட்டயர் ஆகிவிட்டார் மனுஷன். புது ஸ்கேனில் புதிதாக அடைப்பு இல்லையென்றால் தாராளமாக மலையேறலாம் என்று டாக்டர் நேசையா சொல்லியிருந்தார்.

டாக்டர் அறை வாசலில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துப் பார்த்த அப்பாத்துரைக்கு முகம் வெளுத்தது.

"கோமு, நோய் அந்தப் பக்கம் தாவிட்டு. போதாக்குறைக்கு நடுவுல வேற என்னமோ சுருங்கிக் கெடக்கு."

கோமு பக்கத்தில் இருந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலையாவது ஒன்றாவது, மனுஷன் பிழைத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது.

உள்ளே, அப்பாத்துரை சொன்னதைக் கேட்டு நேசையாவுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

"அண்ணாச்சி, புதுப் படத்தைப் பின்பக்கமா பிடிச்சிருக்கீங்க. எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. ஸ்கேன்ல அப்படித்தான் போடுவாங்கன்னு நெனச்சேன்."

கோமு சிரிக்கவில்லை. "நடுவுல சுருங்கினது?"

"அது தலாமஸ், மூளைக்கு நடுவுல இருக்க ஒரு பகுதி. அங்கனயும் சரி, வேற எங்கயும் சரி, புதுசா அடைப்பு ஒண்ணும் இல்லம்மா. அடிபட்ட இடத்தோடதான் அதுக்குக் கொடுக்கல் வாங்கல். மில்லை மூடினா, வாசல்ல இருக்க டீக்கடை என்னாவும்? ஆள் வராம சுருங்கிரும். அதே கததான். மலைக்குப் போய்ட்டு வாங்க."

கோமுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த டீக்கடைக்காரனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. படங்களை அண்ணன் கையில் திணித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், புருஷனை ஆட்டோவில் ஏற்றிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மாற்றுச் சேலை இல்லை. மாத்திரை பையில் இருந்தது. மாஞ்சோலை பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடமும் கிடைத்துவிட்டது.

மணிமுத்தாறு தாண்டியதும் மலை வளைவுகள் தொடங்கின.

"தல சுத்துதா? வாந்தி வருதா?" என்று வளைவுக்கு வளைவு கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தலை சுற்றியது அவளுக்குத்தான். அவர் மடிமேல் கவிழ்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காலையில் தின்ற இட்லி அத்தனையையும் மலைக்குப் படைத்தாள். பின்சீட்டில் யாரோ திட்டினார்கள்.

நெற்றியை ஒரு கை தாங்கியது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தார்; அவள் நெற்றிக்கு வந்தது வலது கை. நடுங்கியது, சறுக்கியது, மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது.

"பைய," என்றார் அவர், அவசரமில்லை என்பதுபோல். "பைய."

வாயைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கோமு அப்படியே கிடந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் நிறைய வளைவுகள் வரட்டும் என்று நினைத்தாள்.