மூன்று மணிக்கு ஒரு டாக்ஸி

டெஸ்ட் மேட்ச்சின் ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆர்வில் தன் டாக்ஸியில் அக்காவை மைதான வாசலில் இறக்கிவிட்டான்.

"சாயங்காலம் பஸ்ல வந்துரு அக்கா. மூணு மணிக்கு எனக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கு."

"மேட்ச் நடக்குறப்போ எவன்டா ஏர்போர்ட் போறான்? இங்கிலீஷ்காரன் பயந்து ஓடுறானா?" என்று வெல்டா சிரித்தாள்.

ஆர்வில் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தான். "யாரோ ஒரு கஸ்டமர்" என்றான்.

வெல்டா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அன்று வேறு கவலை. இங்கிலாந்தோடு ஆடும் தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. இந்தக் கடைசி டெஸ்டை டிரா செய்துவிட்டால், போன முறை ஜெயித்த கோப்பை மேற்கிந்தியத் தீவுகளிலேயே இருக்கும். கையில் எட்டு விக்கெட், தாக்குப்பிடிக்க வேண்டியது தொண்ணூறு ஓவர். களத்தில் நாற்பத்தொரு ரன்னோடு நிற்பவன் டமாரி ஸ்கீட். அவளுடைய ஊரான சிக்ஸ் ரோட்ஸ் பையன்.

போன வருஷம் ஸ்கீட்டை அணியிலிருந்து தூக்கியபோது வெல்டா சும்மா இருக்கவில்லை. வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு வாராவாரம் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பாரிஷ் வட்டாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி ஆயிரத்து நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். ஒரு கிழவர், "உன் மகனா?" என்று கேட்டார். "நம்ம மகன்" என்றாள். அந்தத் தாள்களால்தான் அவன் திரும்பி வந்தான் என்று யாரும் சொல்லவில்லை. வெல்டா மட்டும் உள்ளூர அப்படித்தான் நம்பினாள்.

அவளுடைய வழக்கமான இருக்கைக்குப் பக்கத்தில் ஃபிட்ஸ்ராய் வந்து உட்கார்ந்திருந்தார். சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் குறை சொல்வார். எதிர்ப்பக்க ஸ்டாண்ட் முழுக்க இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், வெயிலில் வெந்த நண்டு மாதிரி சிவந்து கிடந்தார்கள்.

"பாரு, நம்ம ஊர் மைதானத்துல நாமதான் விருந்தாளி" என்றார் ஃபிட்ஸ்ராய்.

"ஸ்கீட் நின்னா எல்லாரும் சாயங்காலம் வாயை மூடிட்டுப் போவாங்க."

"நின்னா தானே! உன் ஸ்கீட்டுக்கு இருபது ஓவர் மேட்ச்சுன்னா ரத்தம் துடிக்கும். அஞ்சு நாள் ஆட்டம்னா கொட்டாவி வரும்."

"இன்னிக்கு உங்க வாயைத் தைக்கிறேனா இல்லையா பாருங்க."

காலை முழுவதும் ஸ்கீட் அவள் மானத்தைக் காப்பாற்றினான். வெளியே போகும் பந்தை விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான். உடம்புக்கு வந்ததைத் தோளில் வாங்கினான். உணவு இடைவேளையில் மொத்தமே மூன்று விக்கெட்தான் போயிருந்தது. வெல்டா டப்பாவைத் திறந்து மக்ரோனியும் பொரித்த கோலா மீனும் எடுத்து ஃபிட்ஸ்ராய்க்குப் பெரிய துண்டாகவே வைத்தாள். "சாப்பிடுங்க. வாய்க்கு வேற வேலை கிடைக்கட்டும்." அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவன் சங்கு ஊதினான்.

இரண்டு மணி தாண்டிச் சில நிமிடம். வேகப்பந்து வீச்சாளர்கள் களைத்துப்போய், எப்போதாவது பந்து வீசும் ஒருவனைக் கூப்பிட்டார்கள். லாங் ஆனில் எல்லைக்கோட்டின் ஓரம் ஒருவன், அவனுக்குப் பக்கத்திலேயே இன்னொருவன். கேட்ச் பிடிக்கத்தான் நிற்கிறார்கள் என்று சங்கு ஊதுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

ஸ்கீட் இறங்கி வந்து, சரியாக அங்கேயே தூக்கி அடித்தான்.

பந்து பிடிபடுகிறதா என்றுகூட அவன் பார்க்கவில்லை. அடித்த கையோடு திரும்பி, கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தான். எழுபத்து மூன்று ரன். எதிர்ப்பக்கம் எழுந்து ஆடியது. வெல்டா நின்றபடியே இருந்தாள்.

"வெயில். கண்ணு கூசிருக்கும்" என்றாள்.

ஃபிட்ஸ்ராய் அவள் முகத்தைப் பார்த்தார். குறை சொல்ல வாயெடுத்தவர் விட்டுவிட்டார். "இருக்கும்மா" என்றார்.

தேநீர் இடைவேளைக்குள் இன்னும் இரண்டு விக்கெட் விழுந்தது. ஆறு போயாயிற்று. குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று வெல்டா வெளியே வந்தாள். ஆட்டக்காரர்கள் போகும் வாசலில் ஆர்விலின் டாக்ஸி நின்றது. பின்பக்க மூடி திறந்திருந்தது. நீளமான பை ஒன்றை ஆர்வில் உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். பையின் மேல் பெரிய வெள்ளை எழுத்தில் 'ஸ்கீட்' என்றிருந்தது.

"ஆர்வில்" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. "அக்கா, நீ உள்ள போ. மேட்ச் ஆரம்பிக்கப் போகுது."

அதற்குள் ஸ்கீட்டே வந்துவிட்டான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செண்ட் வாசனையோடு. அவளைத் தெரியும் அவனுக்கு. "மிஸ் வெல்டா! வீட்டுக்கா? ஏறுங்க, வழிதானே, இறக்கி விட்டுடறோம்" என்றான், கல்யாண வீட்டில் உபசரிப்பது போல.

மைதானத்துக்குள்ளே அவளுடைய சாப்பாட்டு டப்பாவும் இருக்கையில் போட்ட திண்டும் இருந்தன. ஆட்டமும் இருந்தது. ஆனாலும் அவனிடம் கேட்க வேண்டியது இருந்தது; வெல்டா முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

வண்டி கரும்புக் காட்டுக்கு நடுவே போனது. வானொலியில் வர்ணனை மெதுவாக ஓடியது. ஏழாவது விக்கெட் விழவில்லை. விக்கெட் கீப்பர் கட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க போற தம்பி?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"துபாய் பக்கம் லீக் ஆட்டம். நாளைக்கு ராத்திரி முதல் மேட்ச். அவுட் ஆனா அப்புறம் உனக்கு வேலையில்லை, போயிக்கோன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"அவுட் ஆகலன்னா?"

"இந்த ஃப்ளைட் போயிருக்கும். அவங்க வேற ஆளைப் போட்டிருப்பாங்க."

"டாக்ஸி எப்ப சொன்ன?"

ஆர்வில் சாலையையே பார்த்து ஓட்டினான்.

"காலையிலேயே மூணு மணி சவாரின்னு இவன் சொன்னான், அப்ப நேத்தே சொல்லியிருக்க. ஆட்டம் அஞ்சு மணிக்கு முடியுது. மூணு மணின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பின்னாலிருந்து ஸ்கீட்டின் குரல் வந்தது, காலையில் பந்தை விட்டுக்கொண்டிருந்த பையனின் குரல். "அவுட் ஆகணும்னு நினைக்கல, மிஸ் வெல்டா. சத்தியமா. நிக்கணும்னும் நினைக்கல."

வெல்டாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வீடு வீடாக ஏறிய அந்தப் படிகள்தான் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

வானொலியில் கூட்டம் கத்தியது. ஏழாவது விக்கெட். "ஆர்வில் அண்ணே, அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்" என்றான் ஸ்கீட்.

ஆர்வில் கையை நீட்டி அணைத்தான்.

"வண்டியை நிறுத்து" என்றாள் வெல்டா.

"அக்கா, இங்க எதுக்கு..."

"நிறுத்துடா."

அவள் இறங்கி நுழைந்த சாலையோரத்து ரம் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு ஆண்கள், யாரையும் அவளுக்குத் தெரியாது. இடம் கொடுத்தார்கள். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். எட்டாவது விக்கெட் நாலு மணிக்கு, ஒன்பதாவது கால் மணி கழித்து. அதன் பிறகு கீப்பரும் கடைசி ஆட்டக்காரனும் ஒன்பது ஓவர் நின்றார்கள். பேட்டைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத அந்த வேகப்பந்துக்காரன் விரலில் அடி வாங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி நின்றான். கடைக்காரர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். மூன்று ஓவர் மிச்சமிருக்கும்போது பந்து அவன் காலில் பட்டது. நடுவர் விரலைத் தூக்கினார்.

யாரோ தொப்பியைத் தரையில் அடித்தார்கள். "இன்னிக்கு ஆம்பளையா ஆடுனவன் ஸ்கீட் ஒருத்தன்தான்" என்றார் தாடிக்காரர் ஒருவர். "எழுபத்தி மூணு! மத்தவன்லாம் சும்மா."

"அவன் இப்ப ஏர்போர்ட்ல இருக்கான்" என்றாள் வெல்டா. "நேத்தே டாக்ஸி சொல்லி வச்சுட்டான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா நீ? நம்ம பையனைப் பத்தி இப்படிப் பேசுற?" என்றார் தாடிக்காரர். "இங்கிலீஷ்காரன் உனக்கு என்ன வாங்கிக் குடுத்தான்?"

கடையே சிரித்தது. ஆயிரத்து நூறு கையெழுத்து என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். வெல்டா வெளியே வந்தாள்.

ஆர்வில் திரும்பி வந்து எதிரே வண்டியை நிறுத்தியிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"ஏறு அக்கா."

"காலையிலேயே தெரியும் உனக்கு."

"தெரியும். கஸ்டமர் விஷயத்தை வெளிய பேசுனா எனக்கு யார் சவாரி குடுப்பா?"

"நான் வெளி ஆளா? லீவு போட்டு, சமைச்சு எடுத்துட்டு, அவனுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட உன் வண்டியிலதானே போனேன்? வாசல்ல இறக்கி விட்டப்போ ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

"அவன் ஊருக்குத் துரோகம் பண்ணான். நீ எனக்குப் பண்ண" என்றாள் வெல்டா.

சிக்ஸ் ரோட்ஸ் போகும் வேன் ஒன்று பாட்டை அலறவிட்டபடி வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள். பாதி இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"மேட்ச் என்னாச்சும்மா?"

"தோத்துட்டோம்" என்றாள்.