பலகையில் குத்திய செய்தி

சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கட்டிங் மாஸ்டரை ஜெபக்கூடத்தின் முன்னறையில் காணலாம். ஒரு வாரத்துச் செய்தித்தாள்கள், தம் சொந்தக் கத்தரி, ஒரு டப்பி குண்டூசி ஆகியவற்றோடு பெரிய பலகையின் முன் அவர் நிற்பார். ‘கடைசிக் காலத்தின் அடையாளங்கள்’ என்று பலகையின் நெற்றியில் எழுதியிருக்கும். அதன்கீழ் ஏழு கட்டங்கள். போர், பஞ்சம், நிலநடுக்கம், கொள்ளைநோய் என்பன முதல் நான்கு. பெற்றோருக்கு அடங்காத பிள்ளைகள், சுகபோகப் பிரியம் என்பன அடுத்த இரண்டு. தீமை மலியும் நாளில் மனிதருக்குள் அன்பு குளிர்ந்துவிடும் என்று வேதம் முன்னறிவித்ததல்லவா, அது ஏழாவது.

பதினேழு ஆண்டுகளாக இப்பலகை அவர் பொறுப்பு. தையல் தொழிற்கூடத்தில் சட்டைத் துணியை அடுக்கடுக்காய் வெட்டிப் பழகிய கை. அந்தக் கை செய்தியை வெட்டினாலும் ஓரம் நூல் பிடித்தாற்போல் வரும். ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஐந்து நிமிடம் அவருக்கு உண்டு. அந்த வாரத்துச் செய்தி ஒன்றை எடுத்துச்சொல்லி, தீர்க்கதரிசனம் எவ்வாறு நம் கண்ணெதிரே நிறைவேறி வருகிறது என்று விளக்குவார். சபையார் உச்சுக்கொட்டுவர். அதன்பின் எல்லாரும் தேநீர் குடிப்பர்.

சென்ற வாரம் ஏழாம் கட்டத்துக்குப் பொருத்தமான செய்தி ஒன்று அகப்பட்டது. சந்தைக்குப் பின்புறமுள்ள அடுக்குக் குடியிருப்பில், தனியே வசித்த அறுபத்துமூன்று வயது ஆண் இறந்து பதினொரு நாள் கழித்தே கண்டெடுக்கப்பட்டார். தொலைக்காட்சி அத்தனை நாளும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இருபுறமும் குடித்தனங்கள், ஒருவரும் தேடவில்லை. பெயரைக்கூடச் செய்தியில் போடவில்லை.

தொடக்க காலத்தில் இத்தகைய செய்தியை வெட்டும்போது மாஸ்டருக்குக் கை தடுமாறியதுண்டு. ஒரு முறை சோறு இறங்காமல் எழுந்துபோனதும் உண்டு. அதெல்லாம் எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது. இப்போது இரண்டு பத்திச் செய்தி கட்டத்துக்குள் அடங்குமா என்பது மட்டுமே கண்ணில் படும். இது அடங்கியது. நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினார். ஞாயிறன்று ஐந்து நிமிடம் பேசினார். போதகருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

“மாஸ்டர், அடுத்த ஞாயித்துக்கிழமை சிறப்புக் கூட்டம். வெளியாளுங்க நிறைய வருவாங்க. இதையே வச்சு நீங்க அரை மணி நேரம் பேசிடுங்க. பெருசாக்கி நோட்டீஸ்லயும் போட்டுடலாம்.”

“சரிங்க ஐயா” என்றார் மாஸ்டர்.

புதன்கிழமை நண்பகலில், தொழிற்கூடத்தின் வெட்டு மேசைமீது அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் வந்து நின்றார். கையில் மடிப்புக் கலையாத நான்கு சட்டைகள்.

“இங்க கட்டிங் மாஸ்டர் யாருங்க?”

“நான்தான். அளவு குடுக்கணும்னா முன்பக்கம் போங்க.”

“அளவு குடுக்க வரலீங்க. சட்டை இருக்கு, ஆள்தான் இல்ல. அதான் தேடி வந்தேன்.”

அவர் சந்தைக்குப் பின்னால் வண்டியில் இஸ்திரி போடுகிறவர். சட்டைகளைத் துணிக்கட்டின்மேல் பதவிசாக வைத்துவிட்டுச் சொன்னார்: “இது நாலும் என்கிட்டயே தங்கிப்போச்சு. குடுத்தவர் போய்ச் சேந்துட்டாரு. பேப்பர்லகூட வந்துச்சே, பதினொரு நாள்னு.”

“யாருமே தேடலைன்னு போட்டிருந்தாங்க” என்றார் மாஸ்டர். ஞாயிறன்று சொன்ன அதே குரலில் அது வந்தது.

“பேப்பர்காரனுக்கு என்னங்க தெரியும்? வியாழக்கிழமை தவறாம துணி வாங்க வர்றவரு. வரலையேன்னு நான் ரெண்டு தரம் போய்த் தட்டினேன். உள்ள டிவி சத்தம். சரி, மனுஷன் படம் பாக்கறாருன்னு திரும்பிட்டேன். மூணாவது தரம் மனசு கேக்கல. வீட்டுக்காரரக் கூட்டியாந்து கதவ உடைச்சோம். ரெண்டாவது தரமே உடைச்சிருக்கணும்.” மேலிருந்த சட்டையை ஒருமுறை நீவிவிட்டுத் தொடர்ந்தார்: “ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொந்தக்காரங்க வரலேன்னா அவங்களே எங்கயாவது அடக்கம் பண்ணிடுவாங்களாம். காலர்ல உங்க கடைப் பேரு இருந்துச்சு. தச்சவங்களுக்கு ஆளைத் தெரியுமோன்னு வந்தேன்.”

மேலே இருந்த நீலக் கட்டம்போட்ட சட்டையை மாஸ்டர் விரித்தார். பையின் கோடுகள் மார்பின் கோடுகளோடு சேரவில்லை. ஒரு கட்டம் கீழே இறங்கியிருந்தன. அவர் கையால் அப்படி இறங்கியது வாழ்நாளில் ஒரே ஒரு சட்டையில்தான். அன்று துணி பற்றவில்லை. போட்டுப் பார்த்தவர் சிரித்தார்: “பரவால்லடா தம்பி, என் நெஞ்சு கோணல்னு பாக்கெட்டே சொல்லட்டும்.”

அது அவருடைய அண்ணனின் சட்டை.

அண்ணனோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சொத்துத் தகராறு ஒன்றுமில்லை. எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. ஒரு ஞாயிறன்று, தேநீர்க் குவளையும் கையுமாக நின்ற சபையார் அனைவரும் கேட்க அண்ணன் சொன்னார்: “ஊர்ச் சாவையெல்லாம் வெட்டி வெட்டிக் குத்தறியே, அதுல ஒரு வீட்டுக்காவது போய் உக்காந்திருக்கியாடா?” இரண்டு பேர் சிரித்துவிட்டனர். அந்தச் சிரிப்பை மாஸ்டரால் விழுங்க முடியவில்லை. அண்ணன் அதன்பின் ஜெபக்கூடத்துக்கு வரவில்லை. வீடு மாறினார் என்று கேள்வி. எந்தத் தெரு என்று இவர் விசாரிக்கவில்லை.

“தெரியுமா மாஸ்டர்?”

“வச்சுட்டுப் போங்க. விசாரிச்சுச் சொல்றேன்.”

“தெரியாதவங்ககிட்ட எப்படிங்க வச்சுட்டுப் போறது?”

மாஸ்டர் சட்டையை மடித்தார். காலரை நிமிர்த்தினார். “தெரிஞ்சவர்தான்” என்றார்.

அன்று மாலை, சட்டைகளைப் பார்த்த மனைவி, “யாருது?” என்று கேட்டாள்.

“அண்ணனுது.”

“ராசியாயிட்டீங்களா?”

“செத்துப்போயிட்டாரு.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “எப்போ?”

“பதினொரு நாள் கழிச்சுத்தான் பாத்தாங்களாம்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். “அன்னைக்கு நானும் உச்சுக்கொட்டினேனே” என்றாள்.

மாஸ்டர் தமக்கு அழுகை வருமென்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தட்டைக் கழுவி வைத்தார், நாட்காட்டியைப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஏதோ மரத்துக் கிடந்தது. நெடுநேரம் மடக்கி வைத்த கால், தன்னுடையதாகவே தோன்றாமற்போகுமே, அதுபோல.

“நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடலாங்க.”

“வாங்கினா, நான் யாருன்னு சொல்லணும்.”

“தம்பின்னு சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை அதே ஆளைப் பத்தித்தான் அரை மணி நேரம் பேசணும். உலகத்துல அன்பே இல்லன்னு.”

“அப்போ பேச்சுக்காக அவர அனாதையா விட்டுடப் போறீங்களா?”

மாஸ்டர் சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். அப்படி விட்டுவிடுவதும் கூடும் என்று தாம் வெட்டு மேசையருகில் ஒரு கணம் நினைத்ததை அவளிடம் எப்படிச் சொல்வது?

வியாழனன்று அவர் போதகரிடம் சென்றார். மேசைமீது அச்சான நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாய் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெரிதாக்கப்பட்ட அந்தச் செய்தி. போதகர் நல்லவர்; கேட்டதும் எழுந்து வந்து தோளைப் பற்றிக்கொண்டார். இரண்டு நிமிடம் ஜெபித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை நாம நாலு பேரா அமைதியா அடக்கத்த முடிச்சிடலாம். ஞாயித்துக்கிழமை மட்டும்… அவர் யாருன்னு சொல்ல வேண்டாமே மாஸ்டர்.”

“ஏங்க ஐயா?”

“யாரோ ஒருத்தரா இருந்தாத்தான் கேக்கறவங்களுக்கு உறைக்கும். உங்க அண்ணன்னு தெரிஞ்சா, வசனத்த விட்டுட்டு உங்க குடும்பத்தப் பத்திப் பேசிக்கிட்டுப் போவாங்க. நோட்டீஸ் வேற பாதிக்கு மேல குடுத்தாச்சு.”

பழைய தீர்க்கதரிசிகள் அயலாரைக் கடிந்ததைக் காட்டிலும் சொந்த ஜனத்தைக் கடிந்ததே அதிகம் என்பது மாஸ்டருக்குத் தெரியாததன்று. ஆண்டுக்கணக்காய் வாசித்தவர். ஆயினும் பலகையில் சொந்த ஜனத்துக்கென்று ஒரு கட்டம் வகுக்க வேண்டுமென்று இதுவரை தோன்றியதில்லை.

“யோசிக்கறேங்க ஐயா” என்றுமட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் ஊழியர் பதிவேட்டைத் திறந்தார்.

“உறவு?”

“தம்பி.”

“கூடப்பிறந்தவரா?”

“ஆமா.”

ஊழியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “வெளியூருங்களா?”

“இல்லீங்க. ரெண்டு பஸ் மாறணும்.”

ஊழியர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்திடும் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். மாஸ்டர் நீலக் கட்டம்போட்ட சட்டையைக் கொடுத்து, “போட முடியலேன்னா மேல வச்சுடுங்க” என்றார். மேலே வைத்தார்கள்.

அடக்கத்துக்கு நான்கு பேர்: போதகர், மாஸ்டர், அவர் மனைவி, வண்டியை மூடிவிட்டு வந்த இஸ்திரிக்காரர். இஸ்திரிக்காரர்மட்டும் அழுதார். மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார், அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று கவனிப்பவரைப்போல.

ஞாயிறன்று கூடம் நிறைந்துவிட்டது. வாசலிலும் நாற்காலிகள் போட்டிருந்தனர். மாஸ்டர் பலகையருகில் போய் நின்றார். எழுதி வைத்திருந்த தாள் சட்டைப் பையில் இருந்தது; அவர் அதை எடுக்கவில்லை.

“நோட்டீஸ்ல இருக்கிற இந்த ஆளு என் அண்ணன்” என்றார். “ஒன்பது வருஷமா நான் பேசல. இருக்கிற தெருகூடத் தெரியாது. போன வாரம் இதே இடத்துல நின்னு, உலகத்துல அன்பு குளிர்ந்துபோச்சுன்னு சொன்னேன். சொன்னது நிஜம்தான். எங்க குளிர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியல, அப்போ. யாரும் தேடலைன்னு பேப்பர்ல இருக்கு. அது தப்பு. இஸ்திரி போடற ஒருத்தர் மூணு தரம் போய்த் தட்டினாரு. அவருக்கு இந்தப் பலகையில இடமில்ல. அவ்வளவுதாங்க.”

அரை மணி நேரம் என்று குறித்த பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. யாரும் உச்சுக்கொட்டவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. போதகர் எழுந்து நீண்ட ஜெபம் ஒன்றைச் செய்தார். அதில் உலகின் எல்லா நாடுகளும் இடம்பெற்றன.

தேநீர் வேளையில் சிலர் மாஸ்டரின் கையைப் பற்றினர். சிலர் அவர் இருந்த பக்கம் வராமல் குவளையை வைத்துவிட்டுப் போயினர். சபையின் மூத்தவர் ஒருவர் அருகில் வந்து, மிகுந்த அக்கறையோடு தாழ்ந்த குரலில், “டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னாங்களே, என்ன படம்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“தெரியலீங்க” என்றார் மாஸ்டர். கேள்வி அவரைக் குத்தவும் இல்லை. பதினேழு ஆண்டுகள் அவரே வளர்த்த காது அல்லவா அது.

அன்று எல்லாரும் போனபின், செய்தியின் கீழ் ஒரு துண்டுத் தாளில், ‘இறந்தவரின் தம்பி, இப்பலகையின் பொறுப்பாளர்’ என்று எளிய எழுத்தில் எழுதிக் குத்தினார். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தபோது, அந்தத் துண்டின்மேல் யாரோ ஒரு வெள்ளப்பெருக்குச் செய்தியைக் குத்தியிருந்தனர். ஓரம் கோணலாயிருந்தது. அவர் அதைப் பிரித்துத் துண்டை மீண்டும் மேலே குத்தினார். அன்று வேறொன்றும் வெட்டவில்லை. கத்தரியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அதற்கடுத்த வியாழனன்று, இரண்டு பஸ் மாறி, சந்தைக்குப் பின்னால் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. இஸ்திரிக்காரர் பெட்டியிலிருந்து சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர். என்ன இந்தப் பக்கம்?”

“துணி கொண்டாந்தேன்.” பையிலிருந்து தம்முடைய சட்டைகள் நான்கை எடுத்து வண்டிமேல் வைத்தார்.

“உங்க தெருவுல இஸ்திரி வண்டி இல்லையா?”

“இருக்கு.”

“பின்ன? இதுக்குப் போய் யாராவது ரெண்டு பஸ் மாறி வருவாங்களா?”

மாஸ்டர் சட்டைகளின் காலர்களை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினார். “அடுத்த வியாழக்கிழமை நான் வாங்க வரலேன்னா, வந்து தட்டுவீங்கள்ல?”

இஸ்திரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியில் புதுக் கரியைப் போட்டார். “தட்டுவேன்” என்றார். “இனிமே ரெண்டாவது தரமே உடைச்சிடுவேன். கதவுக்கு நீங்கதான் பொறுப்பு.”

“சரி” என்றார் மாஸ்டர். வீட்டு முகவரியை ஒரு தாளில் தெளிவாக எழுதி, மேலே இருந்த சட்டையின் பைக்குள் வைத்தார்.